நான்கு வண்ண எண்ணெய் ஓவியப் பெட்டி: ஒரு மதிப்பீடு

எண்ணெய் வண்ணம் தயாரிக்கும் நிறுவனங்கள் பலவும் இப்போது வெள்ளை, மஞ்சள் காவி, சிவப்பு, கறுப்பு ஆகிய நான்கு டியூப்களை மட்டும் ஒரு பெட்டியில் வைத்து, சுவீடன் நாட்டு ஓவியர் ஆண்டர்ஸ் சோர்னின் பெயரில் விற்கின்றன. நான் வாங்கிப் பயன்படுத்திய பெட்டியில் 40 மில்லி டியூப்கள் நான்கும், சாம்பல் நிறம் பூசப்பட்ட ஒரு சிறு பலகையும், கிழித்தெடுத்துப் பயன்படுத்தும் வண்ணத்தட்டுத் தாள்களும், ஒரு கையேடும் இருந்தன. மூன்று டியூப்கள் நம்பி வாங்கத் தக்கவை. வெள்ளை ஏமாற்றம் அளிக்கிறது. கையேட்டின் இரண்டு பகுதிகள் தவறான வழியைக் காட்டுகின்றன. இருந்தும், ஓர் ஓவியத்தில் வண்ண இசைவு எப்படி உருவாகிறது என்பதைக் கைவழியாகவே அறிய விரும்புகிறவருக்கு இந்த நான்கு வண்ணத் தேர்வைப் பரிந்துரைக்க நான் தயங்கமாட்டேன்.

சோர்ன் 1860 முதல் 1920 வரை வாழ்ந்தவர். 1896ஆம் ஆண்டில் அவர் வரைந்த தன்னுருவ ஓவியத்தில் கையில் பிடித்திருக்கும் தட்டில் இந்த நான்கு வண்ணங்களே தெரிகின்றன என்பதால்தான் இந்தத் தேர்வு அவர் பெயரில் நிலைத்தது. ஆனால் இது அவருடைய கண்டுபிடிப்பு அன்று. பண்டைய கிரேக்க ஓவியர்களில் தலைசிறந்தவர்கள் வெள்ளை, மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்னும் நான்கைக் கொண்டே அழியாப் படைப்புகளை ஆக்கினார்கள் என்று முதலாம் நூற்றாண்டிலேயே ரோமானியரான பிளினி எழுதிவைத்திருக்கிறார். சோர்னும் இந்த நான்கோடு நின்றுவிட்டவர் அல்லர். புல்வெளியும் கோடை வானமும் தேவைப்பட்ட இடங்களில் வேறு வண்ணங்களையும் எடுத்தார். பெட்டியின் மேலட்டையோ அவர் வாழ்நாள் முழுவதும் இந்த நான்கையே கையாண்டார் என்பதுபோன்ற எண்ணத்தை உண்டாக்குகிறது. விளம்பரத்தை விளம்பரமாகவே எடுத்துக்கொண்டு உள்ளே இருப்பதைப் பார்க்கலாம்.

எண்ணெய் வண்ண டியூப் ஒன்றை வாங்கும்போது முன்பக்கத்தில் உள்ள பெயரைவிடப் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் நிறமிக் குறியீட்டைத்தான் முதலில் படிக்க வேண்டும். இந்தப் பெட்டியின் மஞ்சள் காவியில் பி.ஒய். 42 என்று இருக்கிறது. அது செயற்கை முறையில் தயாரிக்கப்படும் இரும்பு ஆக்சைடு. மண்ணிலிருந்து எடுக்கப்படும் இயற்கைக் காவிக்கு பி.ஒய். 43 என்பது குறியீடு. இயற்கைக் காவியில் களிமண்ணும் பிற தாதுக்களும் கலந்திருப்பதால் அது மெல்லியதாகப் பூசும்போது சற்று ஒளி ஊடுருவும். செயற்கைக் காவி கூடுதல் அடர்த்தியும் கலவையில் கூடுதல் வலிமையும் உடையது. நான்கே வண்ணங்களோடு வேலை செய்கையில் இந்த வலிமை ஒரு குறை ஆகாது. ஏனெனில் வலுவான சிவப்புக்கு எதிரே நிற்கக்கூடிய மஞ்சள் தேவை. நிறமி நன்றாக அரைக்கப்பட்டிருக்கிறது. கத்தியால் தேய்த்தபோது மணல்தன்மை தெரியவில்லை, எண்ணெயும் பிரிந்து வழியவில்லை.

சிவப்பு உண்மையான காட்மியம் சிவப்பு, அதாவது பி.ஆர். 108. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. மலிவான பெட்டிகளில் காட்மியம் சிவப்பின் சாயலைப் போன்ற நாஃப்தால் சிவப்பை நிரப்பிவிடுவார்கள். டியூபிலிருந்து பிதுக்கிப் பார்க்கும்போது இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத் தெரியும், வெள்ளையோடு சேர்க்கும்போதுதான் வேறுபாடு வெளிப்படும். நாஃப்தால் சிவப்பு குளிர்ந்த, கூர்மையான இளஞ்சிவப்பாக மாறும்; காட்மியம் சற்றே அடங்கி, தோலின் நிறத்துக்கு நெருக்கமான வெப்பமான செந்நிறத்தைத் தரும். சோர்ன் பயன்படுத்தியது பாதரச சல்பைடாகிய சாதிலிங்கம். அதன் இடத்தைக் காட்மியம் சிவப்பு பிடித்ததற்கு அதன் ஒளிதாங்கும் தன்மையும் ஒரு காரணம். சாதிலிங்கம் சில வேளைகளில் வெளிச்சம் பட்டுக் கறுத்துவிடும். காட்மியம் கலவையில் சாதிலிங்கத்தைவிட ஆதிக்கம் மிக்கது. ஆகவே, பழைய ஓவியர்களின் அளவை நினைத்துக்கொண்டு எடுத்தால் எல்லாமே ஆரஞ்சாகிவிடும். கத்தி நுனியில் ஒட்டும் அளவே ஒரு முகத்துக்குப் போதும். காய்ந்த பூச்சை உப்புத்தாளால் தேய்ப்பதையும் தூளாகக் காற்றில் பரவ விடுவதையும் தவிர்க்க வேண்டும் என்னும் எச்சரிக்கை டியூபில் தெளிவாகவே அச்சிடப்பட்டிருக்கிறது.

இந்தப் பெட்டியின் உயிர் கறுப்பில்தான் இருக்கிறது. ஐவரி பிளாக் என்று பெயர் இருந்தாலும் இன்று அது தந்தத்திலிருந்து வருவதன்று. காற்றுப் புகாமல் கருக்கிய எலும்பிலிருந்து கிடைக்கும் கரி. வெள்ளையோடு கலக்கும்போது அது நடுநிலையான சாம்பலாக மாறாமல் மெல்லிய நீலச்சாயை கொண்ட சாம்பலாகிறது. தட்டில் தனியே பார்த்தால் அதை நீலம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். காவியும் சிவப்பும் கலந்த வெப்பமான தோல் நிறத்தை அதன் பக்கத்தில் வைத்த கணத்தில் அது நீலமாகிவிடுகிறது. இதற்கான விளக்கத்தைப் பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல் 1839இல் வெளியிட்டார். கோப்லின் திரைச்சீலை ஆலையின் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த அவரிடம் கறுப்பு நூலின் சாயம் வலுவற்றிருக்கிறது என்ற புகார் வந்தது. ஆராய்ந்தபோது சாயத்தில் குறை எதுவும் இல்லை, கறுப்புக்குப் பக்கத்தில் நெய்யப்பட்ட நீலமும் ஊதாவும்தான் அதை அப்படிக் காட்டின. அடுத்தடுத்து வைக்கப்படும் இரு நிறங்களில் ஒவ்வொன்றும் மற்றதைத் தன் எதிர்நிறத்தை, அதாவது வண்ணச் சக்கரத்தில் தனக்கு நேர் எதிரே இருக்கும் நிறத்தை, நோக்கித் தள்ளுகிறது. ஆரஞ்சுச் சாயை கொண்ட தோலுக்குப் பக்கத்தில் சாம்பல் நீலமாவதும், சிவப்புத் துணிக்குப் பக்கத்தில் அதே சாம்பல் பசுமையாவதும் இந்த விதியின்படியே. இதைக் கட்டுரையில் படித்து ஒப்புக்கொள்வது எளிது. நீலமே இல்லாத தட்டிலிருந்து எடுத்த ஒரு பூச்சு கான்வாஸில் நீலமாக மாறுவதைப் பார்ப்பது முற்றிலும் வேறு அனுபவம்.

வேலையைத் தொடங்கும் முன் கலவை வரிசைகளை முழுமையாகத் தயாரித்துக்கொள்வது என் வழக்கம். காவியும் சிவப்பும் சேர்ந்த ஆரஞ்சு ஒரு வரிசை. காவியும் கறுப்பும் சேர்ந்த ஆலிவ் பச்சை இன்னொரு வரிசை. சிவப்பும் கறுப்பும் சேர்ந்த அரக்குப் பழுப்பு மூன்றாவது. கறுப்பும் வெள்ளையும் மட்டுமேயான சாம்பல் நான்காவது. ஒவ்வொன்றையும் இருளிலிருந்து வெளிச்சம்வரை ஐந்தாறு படிகளாக வெள்ளை சேர்த்துப் பரப்பி வைத்த பிறகு தட்டைப் பார்த்தால், எந்தப் படியை எந்தப் படிக்குப் பக்கத்தில் வைத்தாலும் உறுத்தவில்லை. இசைவுக்கான காரணம் மிக எளியது. எல்லாக் கலவைகளிலும் அதே சில நிறமிகளே திரும்பத் திரும்ப வருகின்றன. எனவே ஒவ்வொரு நிறத்துக்குள்ளும் அடுத்த நிறத்தின் ஒரு பங்கு முன்பே இருக்கிறது. அதோடு, செறிவில் உச்சத்தை எட்டக்கூடியது இங்கே சிவப்பு ஒன்றுதான். மஞ்சள் அடங்கியது, பச்சை மங்கலானது, நீலமோ கண்ணில் மட்டும் உருவாவது. முழு ஓவியமும் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருக்க, உதட்டிலோ துணியின் மடிப்பிலோ தூய சிவப்பை ஒரே ஓர் இடத்தில் வைத்தால் அது ஓங்கி ஒலிக்கிறது. இருபது டியூப்கள் வைத்திருப்பவர் இந்த ஏற்றத்தாழ்வைத் தன் கட்டுப்பாட்டினால் உண்டாக்க வேண்டும்; இங்கே அது பொருளின் இயல்பிலேயே அமைந்திருக்கிறது.

பெட்டியைச் சோதிக்கச் சன்னலோர வெளிச்சத்தில் அமர்ந்த ஒரு முதியவரின் முகத்தையும், செம்புக் குடம், வெள்ளைத் துணி, நீலப் பீங்கான் கிண்ணம், இலைகளோடு கூடிய ஒரு கிளை ஆகியவை கொண்ட பொருள்காட்சியையும் தேர்ந்தெடுத்தேன். முகம் இந்தத் தட்டுக்கென்றே அமைந்தது. நெற்றியில் மஞ்சளும், கன்னம், மூக்கு, காதுகளில் சிவப்பும், தாடைப் பகுதியில் நீலச் சாம்பலும் மேலோங்கும் என்று உருவ ஓவியம் பயிற்றுவிப்பவர்கள் சொல்லும் மூன்று பட்டைகளும் இங்குள்ள காவி, சிவப்பு, கறுப்போடு ஒன்றுக்கு ஒன்றாகப் பொருந்துகின்றன. தாடையின் நரைமயிரைச் சாம்பல் வரிசையின் மூன்றாம் படியால் தொட்டதும் அது தோலிலிருந்து பிரிந்து குளிர்ந்தது. வேறு எதையும் சேர்க்க வேண்டியிருக்கவில்லை.

பெட்டியில் தந்திருக்கும் பலகையைப் பற்றி ஒரு சொல். வெள்ளைப் பரப்பில் எந்த வண்ணமும் இருண்டு தெரியும் என்பதால், நடுத்தர ஒளியளவு (அதாவது ஒரு நிறம் எவ்வளவு இருண்டது அல்லது வெளிறியது என்பது) கொண்ட சாயப் பரப்பில் தொடங்குவது நல்ல மரபு. ஆனால் தயாரிப்பாளர் அதற்குக் குளிர்ந்த சாம்பலைத் தேர்ந்திருப்பது யோசிக்காமல் செய்தது. கறுப்பிலிருந்து நீலத்தை வரவழைப்பதே இந்தத் தட்டின் வித்தை எனும்போது, அடிப்பரப்பே சாம்பலாக இருந்தால் அந்த நீலம் தன் எதிர்நிறத்தின் துணையை இழந்துவிடுகிறது. காவியை டர்பன்டைனில் நீர்த்துக் கான்வாஸில் தேய்த்து, துணியால் துடைத்துவிட்டுத் தொடங்கிய ஓவியத்தில் அதே சாம்பல் உடனே நீலமாக எழுந்தது. பலகையை நான் வெறும் கலவைச் சோதனைக்கே பயன்படுத்தினேன்.

கையேட்டின் மீதான என் முதல் மறுப்பு அடிப்பூச்சைப் பற்றியது. கறுப்பையும் வெள்ளையையும் கொண்டு முழு ஓவியத்தையும் முதலில் ஒளிநிழலாக வரைந்து, அது காய்ந்தபின் அதன்மேல் நிறம் ஏற்றும்படி அது சொல்கிறது. முறை பழமையானது, சிறந்தது. சொல்லப்படும் நிறமிதான் பொருத்தமற்றது. எண்ணெய் வண்ணம் நீர்போல ஆவியாகி உலர்வதில்லை. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து இறுகுகிறது. இந்த வினையின் வேகம் நிறமிக்கு நிறமி மாறும். ஐவரி பிளாக் நிறைய எண்ணெயைக் குடிப்பது, மிக மெதுவாக உலர்வது. அதன்மேல் விரைவில் உலரும் பூச்சை ஏற்றினால், அடியில் உள்ளது இன்னும் அசைந்துகொண்டிருக்க மேலே உள்ளது இறுகி, நாளடைவில் வெடிப்பு விடும். எண்ணெய் குறைந்த பூச்சு கீழே, எண்ணெய் மிகுந்தது மேலே என்ற அடிப்படை விதிக்கே இது எதிரானது. இதற்காகத்தான் ஓவியர்கள் அடிப்பூச்சுக்கு அம்பர் (umber) என்னும் மண் நிறமியான பழுப்பை நாடுகிறார்கள். அதிலுள்ள மாங்கனீசு உலர்தலை விரைவுபடுத்துகிறது. பெட்டியில் அம்பர் இல்லை. உள்ளதைக் கொண்டே செய்ய வேண்டுமானால், கறுப்பை மிகச் சிறிய அளவில் காவியோடு சேர்த்து, டர்பன்டைனில் நன்றாக நீர்த்து, நிழல் பகுதிகளை மட்டும் மெல்லிய கறையாக விட்டுக்கொள்வது ஓரளவு பாதுகாப்பானது.

அடுத்து வெள்ளை. டியூபின் பின்புறத்தில் பி.டபிள்யூ. 6, பி.டபிள்யூ. 4 என இரண்டு குறியீடுகள் இருக்கின்றன. டைட்டேனியமும் துத்தநாக வெள்ளையும் கலந்தது என்று பொருள். துத்தநாக வெள்ளை எண்ணெயில் காலப்போக்கில் நொறுங்கும் தன்மை அடைந்து, பூச்சுகள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்துவரக் காரணமாகிறது என்பதை ஓவியப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் தொடர்ந்து சுட்டிக்காட்டிவரும் காலத்தில், ஓவியம் முழுவதும் ஊடுருவப்போகும் வெள்ளையில் அதைச் சேர்ப்பது பொறுப்பான செயலாகத் தோன்றவில்லை. போதாக்குறைக்கு இந்த வெள்ளை குசும்ப எண்ணெயில் அரைக்கப்பட்டிருக்கிறது. ஆளிவிதை எண்ணெய் அளவுக்கு அது மஞ்சளாவதில்லை என்பது உண்மையே. ஆனால் மெதுவாக உலர்வதும் வலுக்குறைந்த படலத்தைத் தருவதும் அதன் மறுபக்கம். மேல்பூச்சுக்கு ஏற்கலாம், அடிப்பூச்சுக்கு ஏற்க இயலாது. பெட்டியில் இருப்பது ஒரே வெள்ளை என்பதால் இரண்டுக்கும் அதையே எடுக்க நேர்கிறது.

இவற்றோடு நிறத்தையே பாதிக்கும் இன்னொரு சிக்கலும் உண்டு. சோர்னின் காலத்தில் இன்றைய டைட்டேனியம் வெள்ளை சந்தையில் இல்லை. ஓவியர்களின் முதன்மை வெள்ளை ஈய வெள்ளை. அதன் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 2, டைட்டேனியத்துக்கோ ஏறத்தாழ 2.7. எண்ணெயின் எண் 1.5க்கும் சற்றுக் குறைவு என்பதால், இந்த இடைவெளி கூடக்கூட நிறமி ஒளியை அதிகமாகச் சிதறடித்து அடர்த்தியாக மூடும். ஈய வெள்ளை காவியோடு மென்மையாகக் கலந்து தோலுக்குள் ஒளி புகுந்து திரும்புவதுபோன்ற தோற்றம் தரும். டைட்டேனியம் எல்லாவற்றையும் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளிறச் செய்துவிடும். ஈய வெள்ளை நச்சுத்தன்மை உடையது, கவனத்தோடு கையாள வேண்டியது என்பதால் தொடக்கநிலைப் பெட்டியில் அதை வைக்காதது சரியே. ஆனால் கலவையின் வலிமையைக் குறைத்த டைட்டேனியம் வெள்ளை, அதுவும் ஆளிவிதை எண்ணெயில் அரைத்தது, பல நிறுவனங்களிடம் கிடைக்கிறது. நான் பொருள்காட்சி ஓவியத்தின் நடுவிலேயே பெட்டியின் வெள்ளையை ஒதுக்கிவிட்டு அத்தகைய ஒன்றுக்கு மாறினேன். செம்புக் குடத்தின் ஒளிபட்ட விளிம்பு அதன்பிறகுதான் உலோகமாகத் தெரிந்தது. வெள்ளையோடு எப்போதும் ஒரு துளி காவியைச் சேர்த்துப் பயன்படுத்துவதும் வெளிறலைக் குறைக்கிறது.

கையேட்டின் மீதான இரண்டாம் மறுப்பு வண்ண இசைவைப் பற்றிய அதன் பாடத்துக்கு. வண்ணச் சக்கரம் ஒன்றை அச்சிட்டு, எதிரெதிர் நிறங்கள், அடுத்தடுத்த நிறங்கள், முக்கோணமாக அமைந்த நிறங்கள் என்று வகைப்படுத்தி, இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் ஓவியம் இசைவு பெறும் என்கிறது. நிறச்சாயை ஒன்றை மட்டுமே இந்தச் சக்கரம் பேசுகிறது. அமெரிக்க ஓவியர் ஆல்பர்ட் மன்செல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நிறத்தைச் சாயை, ஒளியளவு, செறிவு என மூன்று அளவைகளால் குறிக்கக் கற்றுக்கொடுத்தார். ஓவியரின் அன்றாடப் போராட்டம் பெரும்பாலும் பின்னவை இரண்டோடுதான். ஒளியளவு சரியாக இருந்தால் சாயையில் கணிசமான பிழையையும் கண் பொறுத்துக்கொள்ளும். ஒளியளவு பிசகினால் எத்தனை நேர்த்தியான எதிர்நிறச் சேர்க்கையும் காப்பாற்றாது. இந்தப் பெட்டி உண்மையில் பழக்குவது அந்த ஒளியளவைத்தான். சாயையில் தப்பிச்செல்ல வழி இல்லாததால் ஓவியர் இருளுக்கும் வெளிச்சத்துக்கும் இடையிலுள்ள படிகளைக் கூர்ந்து பிரிக்கத் தொடங்குகிறார். தன் கையில் இருக்கும் பொருளின் அருமையைக் கையேட்டை எழுதியவரே கவனிக்கவில்லை என்பது வியப்பு. கண்களை இடுக்கிப் பார்ப்பது, ஓவியத்தைக் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துச் சரிபார்ப்பது போன்ற எளிய பழக்கங்களுக்கு அதில் ஒரு வரிகூட இல்லை.

தட்டின் எல்லை நீலக் கிண்ணத்தில் வெளிப்பட்டது. குடத்தின் செம்பு நிறத்தைக் கூட்டி, கிண்ணத்தைச் சுற்றிலும் வெப்பத்தை மிகுத்து, சாம்பலை நீலமாகத் தோன்றச் செய்ய முடிந்தது. ஆனால் அது மங்கிய பீங்கானின் நீலம், என் முன்னே இருந்த கிண்ணத்தின் ஆழ்நீலம் அன்று. ஓவியம் என்ற அளவில் அது நன்றாகவே நிற்கிறது, முழுப் படமும் ஒரே வெளிச்சத்தில் குளித்ததுபோல் ஒன்றுபட்டிருக்கிறது. இலைகள் வேறு கதை. காவியும் கறுப்பும் தரும் பச்சை காய்ந்த இலைக்கும் நிழலில் உள்ள இலைக்கும் ஏற்றது. வெயில் ஊடுருவும் தளிரை அதனால் சொல்ல முடியாது. கிளையை நிழல் பக்கம் நகர்த்தி வைத்தேன். கடலையும் வயலையும் மலர்த் தோட்டத்தையும் வரைய விரும்புகிறவர் இந்தப் பெட்டியைப் பயிற்சிக்கு வைத்துக்கொண்டு, அல்ட்ராமரைன் நீலத்தின் ஒரு டியூபையும் சேர்த்து வாங்குவது நல்லது. அதை வெள்ளையோடு நேரடியாகப் பூசாமல் கறுப்பின் இடத்தில் சிறிதளவு கலந்துவந்தால், சாம்பல்கள் நீலத்தை நோக்கி நகரும்போதும் மற்ற வண்ணங்களோடு உள்ள உறவு அறுபடாது.

ஓவியம் உலர்ந்துவரும்போது கறுப்பு மிகுந்த பகுதிகள் எண்ணெயை இழந்து மங்கித் திட்டுத்திட்டாகத் தெரியும். இது டியூபின் குறை அன்று. அந்த நிறமியின் இயல்பு. தொட்டால் ஒட்டாத நிலைக்கு வந்தபின், மிகச் சிறிதளவு எண்ணெயை அந்த இடங்களில் தேய்த்து மிகுதியைத் துடைத்துவிட்டால் உண்மையான ஒளியளவு திரும்பும். அதன்பிறகே திருத்தங்களைச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பொய்யான இருளோடு ஒப்பிட்டு நிறம் கலக்க நேரிடும். இறுதி வார்னிஷை ஆறு மாதங்களுக்கு முன் பூச வேண்டாம் என்று கையேடு சொல்வது சரியான அறிவுரை. இந்தக் கறுப்பையும் இந்த வெள்ளையையும் தடித்துப் பூசியவர்கள் ஓராண்டு காத்திருப்பது மேல்.

வண்ணத்தட்டுத் தாள்கள் சாம்பல் நிறத்தில் இருப்பதால் கலவையின் ஒளியளவைக் கணிக்க வசதியாக இருக்கின்றன, எண்ணெயும் ஊறி மறுபுறம் வருவதில்லை. நான்கு டியூப்களும் ஒரே அளவில் தரப்பட்டிருப்பது மட்டும் நடைமுறைக்கு ஒவ்வாதது. வெள்ளை பாதி தீர்ந்த நிலையிலும் சிவப்பு டியூபின் கழுத்துப் பகுதி மட்டுமே தளர்ந்திருக்கிறது. தயாரிப்பாளர் சிவப்பைப் பாதியாகக் குறைத்து, துத்தநாகம் சேராத வெள்ளையை இரண்டு மடங்காகத் தந்தால், இதே பெட்டியை மாணவர்களுக்கு எந்த நிபந்தனையும் இன்றிச் சொல்லலாம். அதுவரை, நிறமிக் குறியீடுகளைச் சரிபார்த்து நான்கையும் தனித்தனி டியூப்களாக வாங்கிக்கொள்வதே எனக்கு ஏற்புடைய வழியாகத் தெரிகிறது.